மகபூப் பாய் வட்டம் போடாத இடங்கள்

1. சிவப்பு டிரே

"மேடம், உங்க மெஷின் வெட்டின லட்சணத்த வந்து பாருங்க."

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை. புதிதாக நிறுவிய தோல் வெட்டும் இயந்திரத்தைப் பழக்கிக் கொடுக்க எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. சில நாட்களாக வந்து போய்க்கொண்டிருந்தேன். அன்று காலை திமிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டுக்குள் கால் வைத்ததும் புரொடக்‌ஷன் மேனேஜர் இப்படித்தான் வரவேற்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் சிவப்பு டிரே நிறைய கறுப்பு ஷூக்கள். ரிஜெக்ட் ஆனவற்றைத்தான் சிவப்பு டிரேயில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம், பெருவிரலுக்கு நேர் மேலே, வெளிறிய புள்ளிகள். மாட்டின் உடம்பில் உண்ணி கடித்த தழும்புகள். தோல் தட்டையாக இருக்கும்போது பாலிஷ் இவற்றை மறைத்துவிடும். கால் வடிவ அச்சில் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டும்போது தழும்பு விரிந்து வெளியே தெரியும். இதற்கு லாஸ்டிங் என்று பெயர். அதுவரை செய்த வேலை எல்லாம் அங்கே வீணாகிவிடும்.

"மெஷின் மேல தப்பில்லைன்னா ஆபரேட்டர் மேல தப்பு. ரெண்டுல ஒண்ண ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் மகபூப் பாய்.

2. பேனா

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. தோலை மேசையில் விரிக்க வேண்டும். கீழிருந்து காற்று உறிஞ்சி அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மேலே கேமரா. ஆபரேட்டர் ஒரு டிஜிட்டல் பேனாவால் தோலில் டேமேஜ் உள்ள இடங்களைச் சுற்றி வட்டம் போடுவார். அந்த வட்டங்களைத் தவிர்த்து எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கத்தி வெட்டிவிடும். அழுத்தி வெட்டும் பிரஸ் வேண்டாம், ஒவ்வொரு சைஸுக்கும் துண்டின் வடிவில் செய்த இரும்பு டை வேண்டாம், டையை நகர்த்தி நகர்த்தி வைக்கும் கை வேண்டாம்.

அந்தக் கைகள்தான் பக்கத்தில் வரிசையாக நின்ற பழைய பிரஸ்களில் வேலை செய்துகொண்டிருந்தன. தோல் வெட்டும் அந்தக் கட்டர்களில் சிறந்தவர் என்பதால் பேனாவை மகபூப் பாயிடம் கொடுத்திருந்தார் மேனேஜர். இத்தனை வருடங்கள் பாயும் இன்னொரு கட்டரான ஏழுமலையும் ஒரே மேசையில் எதிரெதிராக நின்று வெட்டியவர்கள். ஏழுமலை தன் பிரஸ்ஸிலிருந்து கேலி பேசிக்கொண்டே இருப்பார்.

"இன்னா பாய், ஸ்கூல்ல சேந்துட்டியா? பேனாலாம் குடுத்துருக்காங்க."

"உனுக்கு ஸ்லேட்டு கூடக் கெடைக்கல, பேசாத, வெட்டு."

அன்று அவர்கள் அப்படிப் பேசிக்கொள்ளவில்லை. மேனேஜர் கட்டிங் ஹாலின் நடுவிலேயே நின்று என்னிடம் சொன்னார்: "வேணும்னே பண்றான் மேடம். மெஷின் ஃபெயில்னு ஆய்ட்டா இவங்க ஆளுங்க வேலை தப்பிக்கும்ல? நீங்க எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

எல்லோர் காதிலும் விழுந்தது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. வேண்டுமென்றே சரக்கைக் கெடுத்தவன் என்று ஒரு கம்பெனியில் பெயர் வாங்கினால், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்த ஊர் கேட்டிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள். மகபூப் பாய் வேறு வேலை பார்த்ததில்லை.

3. "இது உள்ள போய்டும்"

என் வழக்கம், முதலில் காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடிப்பது.

கத்தி: ஓரம் சுத்தமாக வெட்டியிருந்தது. அடித்தேன்.
கேமரா: அளவு சரிபார்த்தேன். விலகல் இல்லை. அடித்தேன்.
பேனா: போட்ட வட்டம் திரையில் போட்ட இடத்திலேயே விழுந்தது. அடித்தேன்.
டிசைன் ஃபைல்: சரி.

மிச்சம் இருந்தது ஆபரேட்டர். மேனேஜர் கேட்டதை எழுதிக் கொடுத்திருந்தால் மதியப் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். எங்கள் நிறுவனத்துக்கும் அதுதான் வசதி.

சிவப்பு டிரேயை மறுபடி பார்த்தேன். எல்லாம் உண்ணித் தழும்பு, ஆறிப்போன சின்னக் கீறல். ஓட்டை இல்லை. சூடு போட்ட அடையாளம் இல்லை. ஓட்டையையும் சூட்டையும் பாய் ஒன்று விடாமல் வட்டமிட்டிருந்தார். கெடுக்க நினைக்கிறவர் சிறியதை மட்டும் பார்த்து ஏன் விட வேண்டும்?

அவர் வட்டம் போட்டு இன்னும் வெட்டாத ஒரு தோலை விரித்து அவரைக் கூப்பிட்டேன். ஒரு தழும்பைக் காட்டி, "இத பாக்கலையா பாய்?" என்றேன்.

"பாத்தேனே."

"ஏன் வட்டம் போடல?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இது டேமேஜ் இல்லியேம்மா. இது உள்ள போய்டும்."

தன் செருப்பைக் கழற்றித் திருப்பினார். மேல் தோல் சோலுக்கு அடியில் மடிந்து ஒட்டப்பட்டிருக்கும் விளிம்பைக் கட்டை விரலால் தடவிக் காட்டினார். "இங்க. இல்லன்னா ஒரு பீஸ் மேல இன்னொரு பீஸ் ஏறுதுல்ல, அதுக்கு அடில. டையை அப்டி வச்சிக்க வேண்டியதுதான். இதெல்லாம் டேமேஜ்னு ஒதுக்குனா வேஸ்ட்டு ஜாஸ்தியாய்டும், கட்டிங் மாஸ்டர் திட்டுவாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. கையால் வெட்டும்போது தோலைப் பார்ப்பவரும் துண்டை வைப்பவரும் ஒரே ஆள். இயந்திரத்தில் பார்ப்பவர் வேறு, வைப்பது வேறு. பாய் மறைத்துவிடலாம் என்று விட்ட தழும்பை, வட்டம் இல்லாததால் நல்ல தோல் என்று எடுத்துக்கொண்டு, ஷூவின் நெற்றியில் வைத்தது கம்ப்யூட்டர். அவர் பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வேலை மாறிவிட்டது என்று நான் உட்பட யாரும் அவரிடம் சொல்லவில்லை.

4. பழைய பிரஸ்ஸில் ஒரு தோல்

மேனேஜருக்கு விளக்கினேன். "கதை நல்லாருக்கு மேடம்" என்றார்.

"அவரு வட்டம் போட்ட இதே தோல அவரே பிரஸ்ல வெட்டட்டும் சார். விட்ட தழும்பு எல்லாம் மடிப்புக்குள்ள விழுதான்னு பாருங்க."

ஒத்துக்கொண்டார். ஹால் முழுவதும் கூடிவிட்டது. பாய் தோலைத் திருப்பினார், டையை வைத்தார், நகர்த்தினார், அழுத்தினார். ஏழுமலை ஒவ்வொரு துண்டாக வாங்கி என் முன்னால் அடுக்கினார். தழும்புகள் விளிம்பில் விழுந்துகொண்டே வந்தன.

கடைசியில் ஒன்று நடுவில் விழுந்தது. அச்சில் ஏறினால் பளிச்சென்று தெரியும் இடம்.

"இது இன்னா?" என்றார் மேனேஜர்.

பாய் இரண்டு கைகளையும் பிரஸ்ஸின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். "கை தவறிடுச்சி சார். இத்தினி பேரு பாத்தா எப்டி வெட்றது?"

"இப்டி சுத்தி நின்னு மொறச்சிப் பாத்தா யாருக்குதான் கை தவறாது சார்?" என்றார் ஏழுமலை.

மேனேஜர் அந்தத் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "சரி. வேணும்னு பண்ணலன்னு எழுதிக்குங்க" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஆனா மேடம், எது உள்ள போவும், எது போவாதுன்னு இவனுக்குத் தெரிஞ்சத மெஷினுக்கும் சொல்லிக் குடுக்க முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். அதுதான் உண்மை.

5. இரண்டு நிறம்

சாஃப்ட்வேரில் ஏற்கெனவே வசதி இருந்தது. சிவப்பு வட்டம்: எங்கேயும் வரக்கூடாது. மஞ்சள் வட்டம்: மறைவான இடத்தில் வரலாம். எந்தத் துண்டில் எது மறைவு என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். பாய் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகச் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை. தப்புப் பெயர் நீங்கிய நிம்மதியில் இருந்தார்.

சிவப்பு டிரே காலியாயிற்று. அதன் பிறகு பேனா பிடிப்பதற்கு அனுபவமுள்ள கண் தேவைப்படவில்லை. தழும்பு தெரிந்தால் மஞ்சள், ஓட்டை தெரிந்தால் சிவப்பு. டிப்ளமோ முடித்த இரண்டு டிரெய்னிகள் வந்தார்கள். நான்தான் பழக்கிக் கொடுத்தேன். பிரஸ்கள் கழற்றப்பட்டன. கட்டர்களுக்குப் பேக்கிங்கில் இடம் உண்டு என்றார்கள். ஏழுமலை அட்டைப் பெட்டி மடிக்கப் போனார். மகபூப் பாய் மாட்டேன் என்று வெளியேறிவிட்டார்.

6. பேரணாம்பட்டு

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் இயந்திரப் பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். கட்டரிடம்: "எதையெல்லாம் பார்த்தும் விட்டுவிடுவீர்கள்?" மேனேஜரிடம்: "இவர்களுக்குத் தெரிந்ததை வாங்கிக்கொண்ட பிறகு இவர்கள் எங்கே நிற்பார்கள்?" முதல் கேள்விக்கு எப்போதும் பதில் கிடைக்கிறது. இரண்டாவதற்கு இதுவரை கிடைத்தது, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம்." முதல் கேள்வி மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.

போன மாதம் பேரணாம்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். கட்டிங் ஹாலின் கோடிப் பிரஸ்ஸில் மகபூப் பாய் நின்றிருந்தார். கெட்ட பெயர் இல்லாததால் இங்கே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னையும், எனக்குப் பின்னால் டிராலியில் வந்த பெட்டியையும் பார்த்தார்.

"நல்லாருக்கியாம்மா?"

"நல்லாருக்கேன் பாய்."

"மஞ்சா கலரும் எடுத்தாந்துட்டியா?"

"அது இப்ப மெஷின்லயே வந்துடுது பாய்."

தலையாட்டினார். பாதி வெட்டிய தோல் பிரஸ்ஸில் கிடந்தது. டையைச் சற்றே நகர்த்தி, ஒரு தழும்பை விளிம்புக்குள் தள்ளி, அழுத்தினார்.