மேஜரைத் தொட்டவர்கள்

அடுத்தவர் நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிற வேலையில், நாய் யாரையாவது கடித்தாலும் குற்றம் நம்முடையது, யாராவது நாயின் வாலை மிதித்தாலும் குற்றம் நம்முடையது. உங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டீர்கள். ஆனால் அடுத்தவர் காரைக் காவல் காத்தவர்கள், அடுத்தவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனவர்கள், முதலாளி வெளியூர் போனபோது கல்லாவில் உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். நம்முடையது அல்லாத ஒன்றுக்கு நாம் பதில் சொல்கிற அவஸ்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் மட்டாஞ்சேரிக்குப் போனேன். பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கில் வேலை என்று ஊர்க்காரர் ஒருவர் அழைத்துப் போய்விட்டார். மிளகுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இருந்த நேரத்தில், கம்பெனி துரையின் பங்களாவில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நாயின் பெயர் மேஜர். அல்சேஷன் ஜாதி. காலையும் மாலையும் அதை நடத்திக்கொண்டு போவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு வைப்பது என் வேலை. கார் ஷெட்டை ஒட்டிய அறை எனக்கு.

மேஜருக்கு இங்கிலீஷ்தான் புரியும். சிட், ஸ்டே, கம் என்று சில சொற்களைச் சமையல்காரர் வர்க்கிச் சேட்டன் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பள்ளுருத்தியில் வீடு, பிள்ளைகள் எல்லாம் உண்டு. பொழுது சாய்ந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவார். துரை மாடியில், நான் ஷெட்டில். ஒரு நாளில் நான் வாய்திறந்து பேசியதில் பாதிக்கு மேல் நாயிடம் பேசியது. அதுவும் எனக்கே அர்த்தம் சரியாகத் தெரியாத பாஷையில்.

ஊர்ப் பெயர்

காலையில் படகு ஜெட்டி வரைக்கும் நடப்போம். எறணாகுளம் படகுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு மேஜரைப் பார்த்தால் பொழுது போகும். பெயர் என்ன, வயது என்ன, மீன் சாப்பிடுமா என்று கேட்பார்கள். பிறகு, கடிக்குமா என்று கேட்பார்கள். கேட்கும்போதே கை அதன் தலைமேல் இருக்கும். கடிக்கும் என்று நான் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கடிக்காது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "தெரியலைங்க" என்பேன். அது இன்னும் மோசம். நாயைப் பிடித்திருப்பவனுக்கே தெரியாதா என்று படகு வரும்வரை பேசிக்கொள்வார்கள்.

ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தா ஒருவர் மேஜரைப் பற்றி எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, என் ஊர் எது என்று கேட்டார். வந்து மாதக்கணக்காகியும் யாரும் கேட்காத கேள்வி. சந்தோஷத்தில் சற்று உரக்கவே "கோவில்பட்டி" என்றேன். ஜெட்டி முழுவதும் சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் கூடச் சிரித்துவைத்தேன். பங்களாவுக்கு வந்து வர்க்கிச் சேட்டனிடம் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "கோயிலுக்கும் ஒரு பட்டி உண்டுன்னு இன்னைக்கல்லே அறியுறது. இனி யாராவது கேட்டா மதுரைன்னு சொல்லிக்கோ."

நாய் பழக்கம் உள்ளவர்

இந்த ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார். தனக்கு நாய்களோடு நல்ல பழக்கம் என்றும், எந்த நாயும் தன்னை ஒன்றும் செய்யாது என்றும் சொல்லிக்கொண்டே வருவார். மட்டாஞ்சேரியில் எனக்கு வாய்த்தவர் சில்க் ஜிப்பா போட்டு ஜரிகை வேஷ்டி கட்டியிருந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற கோலம். மேஜர் ஒரு சுவரோரம் எதையோ முகர்ந்துகொண்டு நின்றது. இவர் பின்பக்கமாக வந்து குனிந்தார்.

"தொடாதீங்க" என்றேன். பரவாயில்லை என்று கையசைத்தார். "தொடாதீங்க ஐயா" என்றேன். சிரித்தார். முதுகில் கை பட்டதும் மேஜர் திரும்பிய வேகத்தில் ஜரிகைக் கரை அதன் வாயில் இருந்தது. அவர் பின்னால் சாய்ந்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்துவிட்டார். காயம் ஒன்றும் இல்லை. வேஷ்டிதான் முழங்கால் வரை கிழிந்தது. கூட்டம் கூடிவிட்டது. முதலிலேயே இவர் சொன்னாரே என்று மீன்காரம்மா ஒருத்தி எனக்காகப் பேசினாள். அவர் எழுந்து நின்று, கிழிந்ததைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "தமிழில சொன்னா எங்கனெ மனசிலாவும்? மலையாளத்தில பறயண்டே?"

அன்று மாலையே வர்க்கிச் சேட்டனிடம் கேட்டு மலையாளத்தில் மனப்பாடம் செய்தேன். பிழைக்கப் போன ஊரில் நீங்கள் முதலில் எதைக் கற்றுக்கொண்டீர்களோ தெரியாது. தண்ணீர் வேண்டும், வழி எது, சுகமா என்று ஏதாவது இருக்கும். நான் முழுசாகச் சொல்லக் கற்ற முதல் வாக்கியம், கிட்டே வராதே என்பது. அதைச் சொல்லிக் காட்டியதும் வர்க்கிச் சேட்டன் தலையாட்டினார்: "உச்சாரணம் நல்லாருக்கு. கொஞ்சம் சிரிச்சிட்டுச் சொல்லு, இல்லேன்னா நீ கடிப்பேன்னு நினைப்பாங்க."

ராவுத்தரின் சாயாக்கடை

தமிழ் கேட்க எனக்கு ஒரே இடம் ராவுத்தரின் சாயாக்கடை. பாலக்காட்டுக்காரர். வீட்டில் தமிழ்தான். ஆனால் நாயோடு கடைக்குள் போகமுடியாது. எதிர்ப்பக்கத்துக் கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போனால், ஒரு வாய் குடிப்பதற்குள் யாராவது மேஜரின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓடவேண்டியிருக்கும். சாயா ஆறிப்போகும்.

அதைப் பார்த்து ராவுத்தரே ஒரு ஏற்பாடு செய்தார். நான் கம்பத்தடியில் நாயோடு நின்றுகொள்வேன். அவர் கண்ணாடித் தம்ளரைத் தெருவின் பாதிவரை கொண்டுவந்து ஒரு கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். நான் எடுத்துக்கொள்வேன். அவர் கடை வாசலில், நான் இந்தப் பக்கத்தில். நடுவில் கைவண்டிகள் போகும். வண்டி போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் தொடர்வோம். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததை, மாமியார் செத்ததை, எல்லாம் அப்படித்தான் எனக்குச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மேஜரைத் தொடாமல், அதைப் பார்த்து உஸ் என்றுகூடச் சொல்லாமல், அதற்கும் ஒரு மரியாதை கொடுத்தவர் அந்தத் தெருவில் அவர்தான். ஒரு தடவை கேட்டேன், நாய் என்றால் பிடிக்காதா என்று. வண்டி ஒன்று கடந்துபோகும்வரை காத்திருந்து பதில் சொன்னார்: "பிடிக்காம என்ன தம்பி. எச்சில் பட்டா துணி மாத்திட்டுத்தான் தொழப் போகணும், அதுக்கு நாய் என்ன பண்ணும்?"

யூதத் தெருவில் ஒரு அம்மா

மாலையில் யூதத் தெரு வழியாகத் திரும்புவோம். அங்கே பல வீடுகள் அப்போது பூட்டிக்கிடந்தன. யூதர்கள் தங்களுக்கென்று அமைந்த புது நாட்டுக்குக் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா நிற்பார். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் படியிறங்கி வந்து, சற்றுத் தள்ளியே நின்று, "இதுக்கு இஷ்டமாகுமோ?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். சரி என்று, புறங்கையைத் தாழ்வாக நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மேஜர் தானாகப் போய் முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. அவர் அவசரப்படவில்லை. பிறகு தாடைக்குக் கீழே ஒரு விரலால் தடவினார். மேஜர் கண்ணை மூடிக்கொண்டது. யாரிடமும் அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

தினமும் அந்த வாசலில் நின்றோம். வீட்டுக்குள் மரப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. எனக்கும் அவருக்கும் பேச அதிகம் இல்லை. ஒரு நாள் பெட்டிகள் வாசலுக்கு வந்திருந்தன. அன்று வெறுமனே தடவாமல், மேஜரின் இரண்டு காதுகளையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். வீட்டில் நாய் வளர்த்தீர்களா என்று கேட்டேன். அவர் மேஜரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எறணாகுளத்தில் ஒரு வீட்டில் கொடுத்தாச்சு. வருகிறவர்களெல்லாம் பக்கத்தில் வந்து பெட்டென்று, சொல்லாமல் கொள்ளாமல் தொடுவார்களே என்றுதான் கவலை. அதுக்கு ஒரு காது கேட்காது."

கேட்டுக்கு வெளியே

யாரும் இல்லாத இடத்தில் நான் மேஜரிடம் தமிழில் பேச ஆரம்பித்திருந்தேன். வா, போ, ஏன் இழுக்கிறே, உனக்கென்ன கேடு என்று. ஒரு நாள் இஞ்சி காயப்போடும் களத்தின் பக்கம் அப்படிப் பேசிக்கொண்டு வந்தேன். மேஜர் கல்தொட்டியில் தண்ணீர் குடித்தது. அங்கே நின்ற ஒரு வண்டிக்குப் பின்னாலிருந்து, "யாரு நம்ம பேச்சுப் பேசுறது?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். வந்த வேகத்தில், என்னிடம் காட்டவேண்டிய சந்தோஷத்தை நாயிடம் காட்டுவதுபோல் அதன் கழுத்தில் கை வைத்தாள். தொடாதீங்க என்று நான் கத்தியதும், சங்கிலியை இழுத்ததும், மேஜர் அவள் மணிக்கட்டைக் கடித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

அவள் பெயர் முத்தம்மா. என்னைவிடச் சற்று மூத்தவள். புருஷன் கோயம்புத்தூர் மில்லில். இவள் அக்கா வீட்டில் தங்கி இஞ்சிக் கிடங்கில் வேலை செய்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட ஆரம்பித்தார்கள். நாயைக் கட்டிவைத்துப் பார்க்கவேண்டும், அது நன்றாக இருந்தால் பயமில்லை, செத்தால் உடனே வந்து சொல்லவேண்டும் என்றார் டாக்டர். மாலையில் கையில் கட்டோடு பங்களாவுக்கு வந்தாள். துரை வராந்தாவில் நின்று, கடித்தபோது நாயைப் பிடித்திருந்தது யார் என்று கேட்டார். வர்க்கிச் சேட்டன் தமிழில் சொன்னார். நான்தான் என்றேன். முத்தம்மா குறுக்கிட்டாள். "இவரு தொடாதேன்னாரு. என் கை முந்திருச்சு" என்றாள். துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாய்க்கு நோய் கண்டால் சுட்டுவிடுவது, காணாவிட்டால் இனி வாய்க்கூடு போட்டுத்தான் வெளியே கொண்டுபோவது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் முத்தம்மா பங்களா கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்பார்கள். அவள் பார்க்கும்படி தட்டில் தண்ணீர் வைத்தேன். மேஜர் குனிந்து நக்கத் தொடங்கும்வரை இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். குடித்து முடித்தது. பிறகு பேசினோம். ஊரில் மழை இல்லை என்றாள். எதைத் தின்றாலும் இஞ்சி வாடை அடிக்கிறது என்றாள். ஊசி போட்ட இடம் கல்லாக இருக்கிறது என்றாள். தினமும் வந்தாள். தினமும் தண்ணீர் வைத்தேன். விடியும்போதே எழுந்து ஷெட்டில் போய் மேஜரின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். அதற்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. பிறகு கேட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். பயந்துகொண்டே ஒருவர் வரவை எதிர்பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. கடைசி ஊசியும் போட்டாகிவிட்டது. அன்றும் முத்தம்மா வந்தாள். மேஜர் தண்ணீரைச் சளப் சளப்பென்று குடித்து, தட்டையும் கவிழ்த்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நாளைக்கும் இதே நேரம்தானே அக்கா?" என்று கேட்டேன். அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள்: "நாயும் நல்லாருக்கு, நானும் நல்லாருக்கேன். இனிமே எதுக்குத் தம்பி வரணும்?"

துரை

வாய்க்கூடு போட்டபின் ஜெட்டியில் யாரும் கிட்டே வருவதில்லை. தூரத்திலிருந்தே ஒதுங்கினார்கள். என் மலையாள வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை சுலபமாகிவிட்டது என்று வர்க்கிச் சேட்டன் சொன்னார். சுலபம்தான். நடக்கிற தெருதான் நீண்டுபோனதுபோல் இருந்தது.

அறுபதுகளில் துரை ஊருக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. மேஜருக்கு அப்போது கண்ணில் புரை விழுந்திருந்தது. அது துரையுடைய மனைவியின் நாய் என்றும், அந்த அம்மா நான் வருவதற்கு முன்பே இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பவில்லை என்றும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் துரை அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மாடியிலிருந்து பார்ப்பார், அவ்வளவுதான். சாமான்கள் எல்லாம் காரில் ஏறியபின், அவர் தனியாக ஷெட்டுக்கு வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேஜர் தலையைத் தூக்கி, குரல் யாருடையது என்று தெரியாமல் உறுமியது. அவர் நின்றுவிட்டார். பிறகு, ஜெட்டியில் யாரும் எப்போதும் கேட்டிராத மாதிரி, "தொடட்டே?" என்று என்னைக் கேட்டார். நான் மேஜரின் முகத்தை என் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் அதன் முதுகில் ஒரு தடவை கையை வைத்தார், கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுவதுபோல. நாய் சுகமாக இருக்கிறது என்று ஊரில் போய்ச் சொல்லலாமா என்று மலையாளமும் இங்கிலீஷும் கலந்து கேட்டார். சொல்லலாம் துரை என்றேன். அவர் எழுந்து கையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வாசலில் நின்ற வர்க்கிச் சேட்டன் அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்: "தன்னைத் தொட விட்டதுன்னும் அந்த அம்மாகிட்ட சொல்லுவாராம்."

மேஜரை என்னிடமே விட்டுவிட்டுத்தான் துரை போனார். அடுத்த மழைக்காலத்தில் அது செத்துப்போயிற்று. நானும் ஊர் திரும்பிவிட்டேன்.

இப்போது யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தால் நான் நாயைப் பார்ப்பதில்லை, பிடித்திருக்கிறவரின் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறேன், அவரும் நாயைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று எண்ணி "ஆச்சுங்க, பாலும் ரொட்டியும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.