இசாவோ மறுபடி ஏறிய ரயில்

இசாவோ இருபத்தாறு வருடம் எங்கள் மலையடிவார வழியில் ரயில் ஓட்டியவர். இரண்டே பெட்டி, மணிக்கு ஒரு வண்டி. ஒரு பனிக்காலக் காலையில், லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்ட சின்ன லாரி மேல் அவர் வண்டி மோதியது. அதை ஓட்டிவந்த முள்ளங்கி வியாபாரி பிழைக்கவில்லை. இசாவோ மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதைப் படிக்காமலே மடித்து வைத்தார். பிறகு ஓய்வு பெறும்வரை பணிமனை வேலைதான். ரயிலில் ஏறியதே இல்லை.

ஒன்பது வருடம் போயிற்று. சென்ற பிப்ரவரியில் அவர் மனைவி தொமோயே பிளம் தோட்டத்துக்குப் பூப் பார்க்கப் போகலாம் என்றாள். அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. எதற்கும் அடம்பிடிக்காதவள் கேட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை.

ரயிலில் ஓட்டுநருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஓட்டுநர் வழக்கப்படி ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, இவர் உதடும் அசைந்தது. தோட்டத்துக்கு முந்தின நிலையத்தில், அந்தக் கிராசிங் வருவதற்குள், சட்டென்று இறங்கிவிட்டார். தொமோயே சாப்பாட்டுப் பையோடு பின்னால் ஓடினாள். குளிர்காற்றில் முக்கால் மணி நேரம் நடந்தார்கள்.

தோட்டத்தில் வெள்ளை பிளம் முழுக்கப் பூத்திருந்தது, சிவப்பு பாதிதான். அவள் சோற்று உருண்டையைப் பிரித்து நீட்டினாள். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மன்னிச்சிடு. என்னால முடியல."

"எனக்கு வயித்துல கட்டியாம்" என்றாள் தொமோயே. "செவ்வாக்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரி இதே லைன்ல, இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளி. உங்களால வர முடியுமான்னு பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"அந்த ஆளைப் பத்தி நீங்க மட்டும் என்கிட்ட சொன்னீங்களா?"

இசாவோ சோற்று உருண்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். லாரிக்குள் இருந்தவர் கடைசியில் நிமிர்ந்து பார்த்தாராம். வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் ஒரு கையைத் தூக்கினாராம்.

திரும்பும்போது தோட்டத்து நிலையத்திலேயே ஏறினார்கள். கிராசிங் மணிச் சத்தம் கேட்டதும் கம்பியை இறுகப் பற்றி, "இங்கதான்" என்றார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் அடுத்த நிலையத்திலும் இறங்கவில்லை. அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

கட்டியை எடுத்துவிட்டார்கள், வைத்தியம் இன்னும் நடக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த பதினாறு நாளும் அவர் அந்த ரயிலில்தான் போய்வந்தார். எங்கள் நிலையத்தில் அவருக்கு டிக்கெட் கொடுத்தது நான். இப்போது பரவாயில்லையா என்று ஒருநாள் மெல்ல விசாரித்தேன்.

"போயிட்டு வந்துடறேன்பா" என்றார். "அந்த கிராசிங்ல வெளியே பாக்கத்தான் இன்னும் முடியல."