இருட்டில் அளக்காத கண்

கரமனையில் கார் ஓட்டப் படித்த பெண்களில் பாதிப் பேர் சுசீலாபாயிடம் திட்டு வாங்கியவர்கள். பாறசாலைப் பக்கம் பிறந்தவள், ஞானையனைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்தாள். அவருக்குத் தம்பானூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவளுக்கு ஒரு பழைய மாருதி, இடப்பக்கத்தில் தனக்கென்று ஒரு பிரேக், கூரையில் சிவப்பு ‘எல்’ பலகை. பெண்களுக்கு மட்டும்தான் வகுப்பு. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் என்பதால் சாயங்கால நேரத்துக்குத்தான் கூட்டம்.

ஏழாம் வகுப்பிலிருந்தே அவளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அந்தக் கண்ணாடியோடு மாரடிக்க வேண்டும். கார்க் கதவை மூடினால் ஆவி படியும், திறந்தால் சாரல் தெறிக்கும், துடைக்கத் துடைக்கச் சேலைத் தலைப்பு நனையும். கண்ணில் லேசர் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று 2002இல் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை. அவளே போனாள், அவளே செய்துகொண்டாள்.

மறுநாள் காலை வாசலில் நின்று தென்னை ஓலையை ஒவ்வொரு கீற்றாகப் பார்த்து அழுதாள். ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டையின் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தாள். “சிக்ஸ் பை சிக்ஸ்!” என்று டாக்டர் கை தட்டினார். அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காத்திருப்பு அறைச் சுவரிலே மாட்டினார்கள்.

சங்கடம் பொழுது சாய்ந்ததும் வந்தது. தெருவிளக்கு ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம். எதிரே வரும் பஸ்ஸின் முன்விளக்கு தாழம்பூ விரிந்தது போல முள்முள்ளாய் வெடித்துச் சாலையையே மூடியது. சாம்பல் நிற ஆளும் சாம்பல் நிறச் சாலையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. ஆறிவிடும் என்று காத்திருந்தாள். மாதங்கள் போயின. ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே வெளிச்சமான அறை, அதே அட்டை. கடைசி வரியையும் வாசித்தாள்.

“பெர்ஃபெக்ட் அல்லே?” என்றார் டாக்டர். “சாரமில்லை, பயப்படாதீங்க. மூளை மெல்லப் பழகிக்கும்.”

“பகல்ல பெர்ஃபெக்ட்தான் சார். சாயங்காலமானா எனக்கு ரோடே தெரியல்ல.”

“அட்டையில எல்லாம் தெரியுதே.”

வீட்டில் ஞானையனும் அதையே பாடினார். “டாக்டரே சரின்னு சொல்லியாச்சு. நீ சும்மா மனசைப் போட்டு உழப்பாத.”

அனுஷா நாகர்கோவில்காரி. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் முடிந்து நேரே வகுப்புக்கு வருவாள். அன்றைக்குச் சாயங்காலம் தூறல். கரமனைப் பாலத்தில் அனுஷா ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரே லாரிகள் வரிசை கட்டி வந்தன. “தைரியமா போ, முன்னால யாரும் இல்ல” என்றாள் சுசீலாபாய்.

அனுஷா சட்டென்று பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி அணைந்தது. பம்பருக்கு ஒரு முழம் முன்னால், கம்பி ஏற்றிய கைவண்டி ஒன்று நின்றது. இழுத்து வந்தவர் பயத்தில் கைப்பிடியை விட்டுவிட்டுப் பாலத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க பாக்கலியா?” என்றாள் அனுஷா.

சுசீலாபாயின் கால் தன் பிரேக்கின் மேல் சும்மா கிடந்தது. அவள் பார்க்கவில்லை. எத்தனையோ பேரைக் கண் தெரியாத கழுதை என்று திட்டியவள், படிக்க வந்த பிள்ளை இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு உயிரைக் கொன்றிருப்பாள். இறங்கிப் போய் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாளே சாயங்கால வகுப்பை நிறுத்தினாள். ஆபீஸ் பெண்கள் வேறு பள்ளி தேடிப் போனார்கள்.

அதன் பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நீலாம்பாள் என்ற டாக்டரம்மா. அட்டையைக் காட்டவேயில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கருவியை வைத்து அளந்தார்.

“இருட்டினா உங்க கண்மணி ரொம்ப அகலமா விரியறதும்மா. லேசர் சரி பண்ணின வட்டம் அதைவிடச் சின்னது. ஓரத்து வழியா வர்ற வெளிச்சம்தான் சிதறறது. மறுபடி செய்யறதுக்குக் கருவிழியில கனம் போதாது. கண்மணியைச் சுருக்க ஒரு மருந்து தரேன். கொஞ்சம் தேவலாம்.”

“இதை முன்னாலயே அளந்திருக்க முடியுமா டாக்டர்?”

நீலாம்பாள் சற்றுத் தயங்கினார். “அளந்திருக்கலாம். அளந்திருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

அந்த ஒரு வார்த்தைதான். அதுவரை சுசீலாபாய்க்கு இருந்தது கவலை. இப்போது அது கோபமாயிற்று. விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச். அதைத் தட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஞானையனுடைய ஹெல்மெட்டிலிருந்து கண்ணாடித் தகட்டைக் கழற்றி, அதில் தேங்காயெண்ணெயைத் தேய்த்தாள். விளக்கேற்றும் நேரம். அவரைச் சாலையோரம் கூட்டிப் போய்த் தகட்டைக் கண்முன்னே பிடித்தாள்.

“இதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க. அந்த பஸ்ஸுக்கு முன்னால ஆள் நடக்கானா இல்லியா?”

ஞானையன் பார்த்தார். தகட்டை விலக்கினார். ஆள் இருந்தார். மறுபடி வைத்தார். ஆள் இல்லை. “சுசீலா, இப்படியா உனக்குத் தெரியுது?” என்றார்.

“எனக்க கண்ணைப் பத்தி நான் சொன்னா நம்பமாட்டிய. டாக்டர் சொன்னாத்தான் நம்புவிய. இல்லியா?”

மறுநாள் ஞானையன் கடையை அடைத்துவிட்டு அவளோடு லேசர் வைத்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் மறுபடி அட்டையைக் கை காட்டினார்.

“அட்டையைத் தூக்கித் தூரப் போடுங்க சார்!” அவள் குரல் வராந்தா வரை கேட்டது. “நான் அட்டையிலயா வண்டி ஓட்டுதேன்? லைட்டை அணைச்சு ஏன் அளக்கல்ல? அதைச் சொல்லுங்க!”

“நூத்துல ஒருத்தருக்கு இப்படி வரும். வெளியே பேஷண்ட்ஸ் இருக்காங்க, பயந்துபோவாங்க.”

“பயப்படட்டும். நான் பயப்படாம வந்துதான் இப்படிக் கிடக்கேன்.”

வெளியே வந்து ஸ்டூலில் ஏறித் தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். நர்ஸ் ஓமனா ஓடிவந்தாள், ஆனால் தடுக்கவில்லை. காத்திருந்தவர்களின் பக்கம் திரும்பி சுசீலாபாய் மலையாளத்திலும் தமிழிலுமாகச் சொன்னாள்: “கண்ணாடி போயிடும், உண்மைதான். ஆனா இருட்டுல கண்மணியை அளந்தாச்சான்னு கேளுங்க. கேக்காம உள்ள போகாதிங்க.” அவள் கொண்டுவந்திருந்த எண்ணெய்த் தகடு கைக்குக் கை மாறியது. அதன் வழியாக டியூப் லைட்டைப் பார்த்த ஒரு கல்லூரிப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பிறகும் பலமுறை போனாள். வாசலில் காவலாளி மறித்தபோது கேட்டுக்கு வெளியே நின்று சொன்னாள். பைத்தியம் என்றார்கள், போட்டி ஆஸ்பத்திரியின் ஆள் என்றார்கள். அவள் அசையவில்லை.

அடுத்த வருஷம் ஓமனா போன் செய்தாள். “சேச்சி, இருட்டறையில அளக்கிற மிஷின் வந்தாச்சு. ரெண்டு பேரை வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்க.”

ஞானையன் சந்தோஷப்பட்டார். அந்த வாரமே பத்திரிகையில் ஆஸ்பத்திரியின் விளம்பரமும் வந்தது: இருட்டிலும் கண்ணை அளக்கும் நவீன வசதி, உங்கள் பாதுகாப்பே எங்கள் அக்கறை. சுசீலாபாய் அதைப் படித்த வேகத்தில் காப்பி கவிழ்ந்தது.

“இப்ப இதையும் விற்க ஆரம்பிச்சிட்டானுவ.”

“விடு சுசீலா. இனிமே வாறவங்களாவது தப்பிச்சாங்கல்லா.”

“இனிமே வாறவங்க சரி. எனக்கு முன்னால, எனக்குப் பின்னால செய்தவங்க எத்தனை பேரு சாயங்காலத்துல தடவிட்டு நடக்காங்க? எல்லாம் தனக்க மனக்கோளாறுன்னுதானே நெனச்சிட்டிருப்பாங்க? அவங்களை யாரு கூப்பிட்டுச் சொல்லுவா?”

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. சுசீலாபாய் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஞானையனும் கூடவே வந்து காரில் ஏறினார்.