ராசு கழற்றிப் போட்ட செருப்பு

யாராவது பேய், ஆவி என்று கதையை ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். காளவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இருந்தால் மோட்டார் சுற்றும், நடுவில் ஷாஃப்ட் உடைந்தால் மோட்டார் என்னதான் கத்தினாலும் பம்ப் சுற்றாது, என் ஞானம் அவ்வளவுதான், அதை வைத்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே டீக்கடைக்குப் போயிருப்பேன்.

முதலில் ராசுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி செல்வியின் தம்பி. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவன், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி எங்கள் தெருவிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு இருந்தவன். அப்போது என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. காலையில் அது தானாக ஸ்டார்ட் ஆனதாகச் சரித்திரமே கிடையாது. ராசுதான் வந்து தள்ளுவான். செருப்போடு தள்ளினால் வழுக்கும் என்று இரண்டையும் கழற்றி வேனின் பின்பக்கம் உள்ளே வீசிவிட்டு, வெறுங்காலை ஊன்றி, முதலில் சின்னதாக ஒரு உந்து, அப்புறம் இன்னொரு உந்து, பிறகு ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டே ஓடி வருவான். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் பின்கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "போங்க மச்சான், பின்னாடியே வாரேன்" என்பான்.

நிறுத்தினால் வேன் மறுபடி அணைந்துவிடும் என்பதால் நான் அவன் செருப்போடு அப்படியே போய்விடுவேன். அவன் தார் ரோட்டில் வெறுங்காலோடு என்னைத் திட்டிக்கொண்டே மண்டிக்கு நடப்பான். இதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த கேலிக்கு அளவே இல்லை.

என் மகள் ரம்யா என்றால் அவனுக்கு உயிர். காது குத்தியபோது அவன் மடியில்தான் உட்கார்ந்தாள், அவள் அழுததைவிட அவன்தான் அதிகம் அழுதான். அவள் கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னான். "எம் மருமகள மொதப் பிரசவத்துக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். மச்சானோட ஓட்ட வேன்னா தள்ளிக்கிட்டே போவேன்."

அடுத்த வருடம் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுடைய பாய், தலையணை, இடது வார் அறுந்து ஊக்குப் போட்ட அந்த நீலச் செருப்பு எல்லாமே அவனோடு தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போயின. நான்தான் கையால் எடுத்து வைத்தேன். அதன்பிறகு வேனைத் தள்ள ஆள் ஏது. விற்றுவிட்டு, கடன் போட்டு ஒரு புதுக் கார் வாங்கினேன். அப்பன்திருப்பதிப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனோம்.

ரம்யா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஷோரூமிலிருந்து மெசேஜ் வந்தது, பின்னாலேயே போனும் வந்தது. இந்த மாடல் கார்களில் இஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் சரியில்லையாம், ஓடும்போதே உடைய வாய்ப்பு இருக்கிறதாம், கம்பெனியே இலவசமாக மாற்றித் தருகிறதாம், வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள்.

நான் மறுநாளே கிளம்பினேன். செல்வி கேட்டில் நின்று மறித்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் இடிக்கக் கூடாது என்பார்கள் இல்லையா, அதில் இவள் காரையும் சேர்த்துவிட்டாள். பிள்ளை பிறக்கும்வரை இந்த வீட்டுப் பொருள் எதையும் கழற்றவும் கூடாது பிரிக்கவும் கூடாது என்று ஒரே பிடி. போதாததற்கு, திடீரென்று வலி வந்தால் வண்டி வீட்டில் நிற்க வேண்டாமா என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. கார் வாசலிலேயே நின்றது.

வலி ஒரு மத்தியானம் வந்தது. நல்ல வெயில். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வரக் கொஞ்ச நேரமாகும் என்றார்கள், பொறுக்க முடியாமல் பின்சீட்டில் அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் மதுரைக்கு விட்டேன். கடச்சனேந்தல் தாண்டியதும் அடியில் டக்கென்று ஒரு சத்தம். இஞ்சின் கத்துகிறது, கார் இழுக்கவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து கார் ஓரமாக நின்றேவிட்டது. என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே தெரியும், என் தொழில் அது. பின்னால் ரம்யா அலறுகிறாள், பிள்ளையின் தலை இறங்குகிற மாதிரி இருக்கு என்று செல்வி சொல்கிறாள். கதவைத் திறந்து இறங்கி யாரையாவது மறிக்கலாம் என்று ஒரு காலைத் தரையில் வைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு உந்து. சின்னதாகத்தான். அப்புறம் இன்னொன்று. அதன்பிறகு கார் நகர ஆரம்பித்தது.

நம்பினால் நம்புங்கள், அந்த ரோடு மேசை மாதிரிச் சமதளம், இறக்கமே கிடையாது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெயிலும் ரோடும்தான். புதூர் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன், நின்றது. பச்சை விழுந்து பிரேக்கை விட்டதும் அதே இரண்டு உந்து, மறுபடி ஓடியது. பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் என் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்ன பார்த்தார் என்று கேட்க இன்றைக்கும் ஆசை, ஆளைத்தான் தெரியாது.

ஒரு வலிக்கும் இன்னொரு வலிக்கும் நடுவில் ரம்யா பின்கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பி முனகினாள். "மாமா எதுக்கும்மா இந்த வெயில்ல வெறுங்காலோட வாராரு."

செல்வி மகளின் தலையை மடியோடு அணைத்துக்கொண்டாள். நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தினால் இல்லை, பார்த்தால் நின்றுவிடுமோ என்றுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து ரம்யாவை இறக்கியதும், டிக்கியின் மேல் இரண்டு தட்டு கேட்டது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு கார் ஒரு அடி நகரவில்லை. ஷோரூமிலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஷாஃப்ட் இரண்டாகப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தா சார் உடைந்தது என்று மெக்கானிக் கேட்டார். கடச்சனேந்தலில் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அங்கே உடைந்திருந்தால் அங்கேயேதான் சார் நின்றிருக்கும் என்றார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இழுத்து வருவதற்கு முன்னால் சாமான்களை எடுத்துவிடலாம் என்று டிக்கியைத் திறந்தபோது நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. நீலச் செருப்பு ஒரு ஜோடி. இடது வாரில் ஊக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்து செல்வியிடம் காட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். "கூறுகெட்ட மனுசா, இன்னைக்கும் அவன் செருப்போட வந்துட்டியா? எம்புட்டு வெயிலு. அந்தப் பிள்ள வெறுங்காலோடதான திரும்பிப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். முப்பது வருடக் கேலி, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் இருவரும் போய், சத்தம் கேட்ட அந்த இடத்தில் ரோட்டோரம் புளியமரத்தடியில் செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இல்லை. ஊக்குப் போட்ட பழைய செருப்பை யார் எடுப்பார்கள்? எடுத்துக்கொண்டான் என்றாள் செல்வி, அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது. காரும் புது ஷாஃப்டோடு குறையில்லாமல் ஓடியது. பேத்தி இப்போது நடக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போன வாரம் ரம்யாவையும் குழந்தையையும் அவள் மாமியார் வீட்டில் விடலாம் என்று பையை வைக்க டிக்கியைத் திறந்தேன். நீலச் செருப்பு உள்ளே கிடக்கிறது. வீசிப் போட்ட மாதிரி, ஒன்று குப்புற.

அவன் செருப்பைக் கழற்றிப் போடுவது தள்ளப் போகும்போது மட்டும்தான். அவர்களை பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் காரை ஷோரூமுக்கு அனுப்பினேன். முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை சார், தாராளமாக ஓட்டுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாசலிலேயே நிற்கிறது, செருப்பும் உள்ளேயே இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்க்கிறேன். கம்பெனியிலிருந்து இன்னும் மெசேஜ் வரவில்லை.