தறிச் சத்தத்துக்கு மேலே நான் பேசியது

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஆவணி மாதம், அருப்புக்கோட்டையில் நடந்தது இது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும், அப்படிக் கத்திக் கத்திப் பழகிய தெரு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புல்லாங்குழல் வாசிப்பேன்.

கல்லூரியில் மூன்று பேர் சேர்ந்து கச்சேரி செய்தோம். பிறகு ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். கீபோர்டு வாசிப்பவன் மதுரையில் ஆபீஸ் வேலை. பாடுபவன் மல்லாங்கிணற்றுக்காரன், வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். ஒன்றாக உட்கார வழியில்லாததால், எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை ஆன்லைனிலேயே செய்ய ஆரம்பித்தோம். அவரவர் பங்கை அவரவர் ஊரிலேயே பதிவு செய்து, மூன்று பேருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரில் போடுவோம். மதுரைக்காரன் எல்லாவற்றையும் சேர்ப்பான். தாளம் பொருந்துவதற்காக, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" சொல்லி ஒரு கைதட்டு. பாடுபவன் கம்பெனி வேனுக்குள் கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, அந்த வெக்கையில் பாடி அனுப்புவான்.

எனக்கு அமைதி கிடைப்பது மாதம் ஒரு நாள்தான். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். தறி நிற்கும், என் கடைக்கும் லீவு. அன்று காலை ஒன்பது மணிக்கே செல்போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டுக் குழலோடு உட்கார்ந்துவிட்டேன். சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போகவில்லை. தறி ஓடிக்கொண்டே இருந்தது. மனைவி டீ கொண்டுவந்து, பாட்டு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள்.

"எங்க? அவனுக்கு இனிமே பாட்டு வராது. மேல போனாத் தொண்டை கிழியுது. வேற ஆளப் பாத்தாத்தான் பாட்டு தேறும்" என்றேன், தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி.

"அத அவுககிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்ல? நல்லாருக்குன்னு எழுதிப்புட்டேன்."

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தெருவே அடங்கியது. வாசித்தேன், நன்றாகவே வந்தது. எங்கள் பக்கத்து டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்பதால், திருப்பிக் கேட்காமல் உடனே ஃபோல்டரில் ஏற்றிவிட்டேன். ஏறி முடித்த பிறகுதான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டேன். முதலில் தறிச் சத்தம். அடுத்து என் குரல், ஒரு எழுத்து விடாமல்.

அழிக்கலாம் என்று போனால் சிக்னல் இல்லை. மணி பத்தே முக்கால். நம் ஊர்க் கணக்குக்குப் பதினொன்றரைதான் அவனுடைய டீ நேரம். டீ கிளாசோடு வேனில் ஏறி உட்கார்ந்து, வந்ததையெல்லாம் கேட்பான். பைக்கை எடுத்துத் திருச்சுழி ரோட்டில் விரட்டினேன். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், ஒரு ஆள் இல்லை. நிறுத்தி நிறுத்திப் போனைத் தூக்கிப் பார்த்தேன். கோடே வரவில்லை. எத்தனை வருடச் சிநேகம்! என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவுக்கு வந்திருந்தவன் ஊருக்குக்கூடப் போகாமல் என்னோடு வராந்தாவில் படுத்துக் கிடந்தான். அவனைப் போய் இப்படிப் பேசினேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு வழியாகச் சிக்னல் கிடைத்து, ஃபோல்டர் திறந்து, அதை அழித்தபோது மணி பதினொன்று நாற்பது.

பத்து நிமிடம் தாமதம். கேட்டானா, இல்லையா? மதுரைக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. பாடுபவனிடம் எப்படிக் கேட்பது? முன்பகுதியை வெட்டிவிட்டு, "முதல்ல போட்டது தப்பா வந்துருச்சு" என்று ஒரு பொய்யையும் எழுதி மறுபடி ஏற்றினேன். அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் பொம்மை மட்டும் வந்தது. அப்புறம் நான்கு நாள் பேச்சே இல்லை. போன் அடித்தாலே பக்கென்றது. கடையில் ஒருவருடைய ஆதார் அட்டைக்கு முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்து வசவு வாங்கினேன்.

ஐந்தாம் நாள் அவனுடைய புதுப் பதிவு வந்தது. வழக்கத்தை விட நீளம். திறந்தேன். வேன் கதவு சாத்துகிற சத்தம். பிறகு அவன் குரல்.

"ஏலே, அன்னைக்கி டீ குடிக்கையில ஒன் குழலக் கேட்டேன். அதுக்கு முன்னாடி இருந்ததையும் கேட்டேன். ரெண்டு நாளாச் சோறு எறங்கல. குடோன் தூசியில தொண்டை போனது எனக்கே தெரியும்லே. நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னீக, நானும் நம்பிக்கிட்டேன். இப்ப சுருதிய ஒரு கட்டை எறக்கிப் பாடிருக்கேன். கேட்டுட்டு உள்ளதச் சொல்லு. வீட்டுல கத்துறத எங்கிட்டக் கத்து."

ஒரு செருமல். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கைதட்டு. பாட ஆரம்பித்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் மூன்று தடவை கேட்டேன். பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், "பாட்டு எப்பிடிலே?" என்றான். "மேல நல்லா நிக்குது. மூணாவது சரணத்துல மட்டும் இழுக்காத, மூச்சு வாங்குறது தெரியுது" என்றேன். "சரி, நாளைக்கி மறுபடி பாடுறேன்" என்றான்.

கட்டை இறங்கியதால் நானும் வேறு குழலில் வாசிக்க வேண்டியிருந்தது. அதற்காக அடுத்த மின்தடை வரை ஒரு மாதம் காத்திருந்தேன். அன்று மனைவி டீயைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டே போனாள்.

பாட்டைச் சேர்த்தபோது மதுரைக்காரன் வழக்கம்போல முன்பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டான். பாடுபவன் அன்று பேசியதை மட்டும் நான் என் போனில் தனியாக வைத்திருக்கிறேன். இப்போதும் யாருக்காவது யோசிக்காமல் "நல்லாருக்கு" என்று எழுதக் கை போனால், அந்த வேன் கதவு சாத்துகிற சத்தம் காதில் கேட்கிறது, கை தானாக நின்றுவிடுகிறது.