கடல் கழுவிய கால்

வெள்ளவத்தை மெரின் டிரைவில் ஓட்டோ நின்றுவிடுகிறது. தண்டவாளத்தைத் தாண்டி வந்த கடல் வீதியை நிறைத்துக் கிடக்கிறது. தார் தெரியவில்லை, மணலும் நுரையும்தான்.

"இந்தக் காத்துக் காலம் முழுக்க இப்படித்தான், தங்கச்சி. தண்ணி வத்தட்டும். உப்புப் பட்டா வண்டி துருப்பிடிச்சிடும்," என்கிறார் சாரதி.

முன்னால் நிற்கும், பூவால் சோடித்த மாப்பிள்ளைக் காரின் சாரதிக்கும் அதே எண்ணம். நானும் போகவேண்டிய கல்யாண மண்டபமோ தண்ணீருக்கு அந்தப் பக்கம். முகூர்த்தம் நெருங்குகிறது என்று யாரோ கத்த, மாப்பிள்ளை இறங்கிப் பட்டு வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போகிறேன். பாதி வழியில் இன்னொரு அலை வருகிறது. மாப்பிள்ளையோடு வந்த தவில்காரர் மதில்மேல் ஏறிவிடுகிறார்; தவிலடி மட்டும் நிற்கவில்லை.

மண்டப வாசலில் பெண்ணின் தம்பி செம்போடு காத்து நிற்கிறான். மாப்பிள்ளையின் காலை அவன் கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். வழக்கமாகச் சுத்தமான காலில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். இன்றைக்கோ விரலிடுக்கெல்லாம் மண், கணுக்காலில் பாசி.

"கடலே கழுவிட்டுது. மோதிரத்தை அதுக்குத்தான் போட வேணும்," என்று சிரிக்கிறார் மாப்பிள்ளை.

தம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறான். செம்பு காலியாகிறது, மண் போகவில்லை. உள்ளேயிருந்து வாளி வருகிறது. குந்தியிருந்து தேய்த்துக் கழுவி முடித்தவன், நிமிர்ந்து இரண்டு கையையும் நீட்டுகிறான்.

"இவ்வளவு மண்ணுக்கு ஒரு மோதிரம் காணாது, அத்தான்!"