நாற்பது கோணல் முகம்

தஞ்சாவூர்க் கண்காட்சியில் வெள்ளைக்காரப் பட்டாளம் எடுத்த பழைய போட்டோக்களை மாட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் என் கண்ணுக்கு எறும்பு வரிசை, அதனால் மகள்தான் படித்துச் சொன்னாள். ஒரு படத்தில் எல்லையில் ஒரு கோட்டை, துப்பாக்கியோடு சிப்பாய்கள், அவர்களுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திய மலை ஜனங்கள். அதில் ஒருத்தி வாயைக் கோணியிருந்தாள்.

"பேரு கூட போடலம்மா. பாவம், பக்கவாதம் போல," என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஐந்து வயதில் எங்கள் தெருவே அப்படி நின்றது. அப்போது வெள்ளைக்காரன் போய் ஆட்சி மாறியிருந்தது, எங்கள் மிராசுதார் மாறவில்லை. கூலியை உயர்த்தாமல் கதிர் அறுக்க மாட்டோம் என்று எல்லோரும் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் போலீசோடு போட்டோக்காரரையும் கூட்டி வந்தார். படத்தில் அடையாளம் தெரிகிறவர்கள் மேல் கேஸ் என்றார்கள்.

"எல்லாரும் மூஞ்சியக் கோணுங்க," என்று அம்மா பல்லிடுக்கில் சொன்னாள். நாற்பது முகமும் கோணின. நான் ஒருத்தி மட்டும், முதல் போட்டோ ஆயிற்றே என்று, மூக்கு ஒழுக ஒழுக லட்சணமாகச் சிரித்தேன்.

நாலு நாள் கழித்துப் படத்தோடு வந்த ஏட்டு, தெருவெல்லாம் தேடி என் முன்னால் வந்து நின்றார்.

"இது ஒண்ணுதாங்க தெளிவா விழுந்திருக்கு," என்றார் கூடவே வந்த மிராசுதாரிடம். "இத உள்ள தள்ளுனா, மொதல்ல நாமதாங்க மூக்கு சிந்தி விடணும்."

கேஸ் போடவில்லை. கூலி உயர்ந்த பிறகுதான் அரிவாள் வயலில் இறங்கியது.

மகள் போனை நீட்டி, "அந்தப் படத்துக்குப் பக்கத்துல நின்னு சிரிம்மா," என்றாள்.

மலைக்காரியை ஒரு தரம் பார்த்தேன். இந்தத் தடவை நானும் வாயைக் கோணினேன்.